உடைந்த கப்பலுக்கு ஒரு வள்ளம்

786
கல்முனை,
12.1.1979

அன்புத் தம்பி மர்சூக்குக்கு ராத்தா றாஹிலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. சூறாவளி கொண்டுபோன கூரைக்குப் பதிலாக இன்னும் ஓலைதான். நீயும் பெண்சாதி நதீராவும் எப்படி? திருகோணமலைப் பக்கம் காற்று அவ்வளவு இல்லை என்று கேள்விப்பட்டு உம்மா மூன்று தரம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னா.

உன் மச்சான் போய்ச் சூறாவளியில் அகப்பட்ட கப்பல் வினாயகபுரத்துக்கு நேரே மூன்று மைல் தூரத்தில் கடலுக்கடியில் கிடக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கப்பல் என்பது பெரிய வார்த்தை. சீமெந்தும் மாவும் ஏற்றித் திரிந்த பழைய இரும்புப் பெட்டி. எட்டுப் பேரில் ஐந்து மையித்து கரையொதுங்கி அடக்கியாகிவிட்டது. மூன்று பேர் இல்லை. கணக்கப்பிள்ளையாகப் போன உன் மச்சான் சாலிஹீன், எஞ்சின் பார்த்த நற்பிட்டிமுனை அபுல் ஹஸன், வினாயகபுரத்துத் தம்பிமுத்து.

இன்றைக்கு ஐம்பது நாள். நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. போன கிழமை ஒரு கலியாண வீட்டில் பெண்ணுக்கு மருதோன்றி போட எழுந்தேன். ஒருத்தி என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள். சரி, கைம்பெண்ணாக வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இத்தா இருக்கிறேன் என்றால், அவர் மௌத்தாகிப் போனார் என்று யார் சொன்னது என்கிறார்கள். மாமா போய் மௌலவியிடமும் காதியாரிடமும் கேட்டார். கண்ணால் கண்டவர் இல்லை, மையித்தும் இல்லை, ஆகவே நாலு வருஷம் பொறுக்க வேண்டும், அல்லது அவர் அந்தக் கப்பலோடு போனதற்கு ஓர் அடையாளம் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாலு வருஷம் நான் மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. எனக்கு இருபத்தெட்டு வயது.

நீ வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் உடைந்த கப்பல் காட்டுகிற சுழியோடி. உன் மச்சானுக்காக ஒரு தரம் இறங்கு. எலும்பாக இருந்தாலும் பரவாயில்லை. தொழுவித்து மண்ணில் வைத்துவிடலாம்.

உம்மாவின் துஆவும் என் ஸலாமும்.
ராத்தா றாஹிலா


நிலாவெளி,
3.2.1979

அன்புள்ள ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நானும் நதீராவும் நலம். உம்மாவின் முழங்காலுக்கு நதீராவின் வாப்பா காய்ச்சிய எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புகிறேன். சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

ராத்தா, நான் இறங்குவேன். இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா? மச்சானின் கையால் நான் எவ்வளவு சோறு தின்றிருப்பேன். ஆனால் பங்குனி வரைக்கும் கடல் அடங்காது. அதற்குள் நீங்கள் ஒரு போட் பார்த்து வையுங்கள். எங்கள் ஹோட்டல் போட்டை அவ்வளவு தூரம் கொண்டுவர எண்ணெய்க்கே உங்கள் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். சிலிண்டர், கண்ணாடி, ஈயப் பட்டி எல்லாம் நான் இரவல் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன்.

போட் பார்க்கும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். அரை மணித்தியாலம் முந்திப் போய் நமக்கு என்ன? நான் கீழே இருக்கும் நேரம் முழுவதும் அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நல்ல நங்கூரம் வேண்டும், நீளமான கயிறு வேண்டும். களைத்து வருகிறவன் ஏறுகிற மாதிரி விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கப்பல் கிடக்கிற இடத்தை அறிந்த ஆள் வேண்டும். மற்றதெல்லாம் பகட்டு. வெள்ளைக்காரர் அந்தப் பகட்டுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

உங்கள் தம்பி
மர்சூக்


கல்முனை,
11.3.1979

தம்பி மர்சூக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எண்ணெய் கிடைத்தது. உம்மா இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறா. நதீராவின் வாப்பாவுக்கு ஸலாம் சொல்லு.

போட் பார்த்த கதையைக் கேள். முதலில் அச்சிமுகம்மது முதலாளியின் மூன்றரைத் தொன் போட். அதைக் காணமுதலே மூக்கைப் பொத்திவிட்டேன். பலகை இடுக்கெல்லாம் மீன் கழிவு அழுகிக் கறுத்து, அதற்கு மேலே ஈ. அதற்குள் என்னையும் மாமாவையும் இருத்தி, மீன் அளைந்த கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஒரு நாளைக்கு அறுநூறு ரூபா. அது போகட்டும். "கப்பலுக்குள்ள பித்தள, செம்பு, எஞ்சின் சாமான் எது வந்தாலும் பாதி எனக்கு" என்றார். மையித்து வந்தால் அதிலும் பாதி வேண்டுமா என்று கேட்டேன். மாமா என் கையைக் கிள்ளினார். முதலாளி சிரித்தார், தம்பி. சிரித்துக்கொண்டே பல்லுக் குத்தினார்.

அடுத்தது பொத்துவில். அங்கே அறுகங்குடாவில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றுகிற அப்துல் கபூரிடம் புது பிளாஸ்டிக் போட் ஒன்று இருக்கிறது. மனிதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே என்னோடு கதைத்தான். ஒரு நாள் வாடகையை டொலரில் சொன்னான். எனக்கு முகம் மாறியதைக் கண்டு, காசே இல்லாமல் போக ஒரு வழி இருக்கிறது என்றான். என்ன வழி என்றேன். நாலு வெள்ளைக்காரரும் கூட வருவார்களாம். புதிதாக உடைந்த கப்பல் என்றால் அவர்களுக்கு உயிராம். தண்ணீருக்கடியில் படம் பிடிக்கிற கமரா வைத்திருக்கிறார்களாம். அவர்கள் கொடுக்கிற காசில் என் தம்பி சும்மா போய் வரலாமாம்.

மலிவு என்றால் அதுதான் மலிவு.  என் புருஷனின் கபுறுக்குழியை நாலு பேர் படம் பிடித்து, ஊருக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டவா? எனக்குப் போட் வேண்டும். இந்த அரியண்டம் வேண்டாம்.

நீ ஏதாவது வழி சொல்லு.
ராத்தா


நிலாவெளி,
2.4.1979

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். உம்மா நடக்கிறா என்றதும் மனம் குளிர்ந்தது.

பொத்துவில்காரன் சொன்னதைப் படித்துச் சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது. என்னுடைய தொழிலும் அதுதானே.

பெரிய போட் எல்லாம் விடுங்கள். வினாயகபுரத்திலேயே ஒரு வள்ளம் பாருங்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய சின்ன வள்ளம் போதும். அந்த இடத்தில் அவர்களின் வலை சிக்கிக் கிழிந்திருக்கும். கப்பல் எங்கே கிடக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? விளிம்பும் தாழ்வு. வைகாசியில் நான் கட்டாயம் வருவேன்.

வருகிற கிழமை கிண்ணியாவில் நதீராவின் சாச்சி மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை தெற்குப் பக்கமாம், பாவம், தனிக்கட்டையாம். அது முடிந்ததும் விபரமாக எழுதுகிறேன்.

மர்சூக்


கல்முனை,
20.5.1979

தம்பி மர்சூக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சித்திரையில் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. சுகமில்லையா? கிண்ணியாக் கலியாணச் சோறு இன்னும் செமிக்கவில்லையா? உம்மா ஒவ்வொரு நாளும் தபால்காரரை மறித்துக் கேட்கிறா.

வள்ளம் கிடைத்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே வினாயகபுரத்துக்குப் போனேன். கனகரெத்தினம் என்று ஒருவர். வலை இரண்டு தரம் அந்தக் கப்பலில் மாட்டிக் கிழிந்ததாம். கரையிலிருக்கும் கோயிலையும் அதற்குப் பின்னாலுள்ள மலையையும் நேராகப் பிடித்துப் போனால் சரியாக அதற்கு மேலே நிற்கலாமாம். ஆழம் பத்துப் பாகம், அறுபது அடி. விலை பேசப் போன இடத்தில் விலை பேச வேண்டியே வரவில்லை. காணாமல் போன தம்பிமுத்து அவருடைய பெண்சாதி செல்லத்தங்கத்தின் தம்பி. "மண்ணெண்ணெய்க் காசு மட்டும் தாங்க டீச்சர். உங்கட தம்பி இறங்கினா எங்கட ஆளையும் ஒருக்காப் பாக்கட்டும்" என்றார். வள்ளம் பழையது. ஆனால் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். முதலாளியின் போட்டில் பட்ட நாற்றத்துக்குப் பிறகு எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது.

நற்பிட்டிமுனைக்கும் போய் அபுல் ஹஸனின் தாய் ஆயிஷா உம்மாவிடம் சொன்னேன். தம்பி, அந்த மனுஷி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினா. மூன்று வீடு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளைக் குறித்து எழுது.

ராத்தா


நிலாவெளி,
12.6.1979

ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தான். வேலை கூட, அதுதான் எழுதவில்லை.

அந்தக் கப்பல் யோசனையை விட்டுவிடுங்கள். பத்துப் பாகம் விளையாட்டில்லை. சிலிண்டர் இரவல் தர மாட்டோம் என்கிறார்கள், வாடகைக்கு எடுத்தால் சரிப்பட்டு வராது. சுறா இருக்கும். சின்ன வள்ளம் கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது? ஏழு மாதத்துக்குப் பிறகு அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? இருந்தாலும் யாருடையது என்று எப்படிச் சொல்வது?

அந்த மனிதர் போய்விட்டார். அவரை விடுங்கள். காதியாரிடம் மாமாவை மறுபடி பேசச் சொல்லுங்கள்.

உம்மாவுக்கு ஸலாம்.
மர்சூக்


கல்முனை,
19.6.1979

மர்சூக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நீ காய்ச்சலாகக் கிடந்து வேறு யாரோ எழுதியதோ என்று இரண்டு தரம் எழுத்தைப் பார்த்தேன். உன் எழுத்துத்தான். மச்சான் மச்சான் என்று காலைச் சுற்றியவனுக்கு இப்போது "அந்த மனிதர்" ஆகிவிட்டாரா?

வள்ளம் பார் என்றவன் நீ. பார்த்தால் கவிழும் என்கிறாய். பெரிய போட் வேண்டாம் என்றவன் நீ. வெள்ளைக்காரிக்கு மீன் காட்ட அந்தச் சுறாவோடு நாளுக்கு இரண்டு தரம் இறங்குகிறாய், சொந்த மச்சானுக்கு இறங்கச் சுறா கடிக்குமா? சீ, தம்பி. எனக்குச் சொல்லவே வாய் கூசுகிறது.

நீ வர வேண்டாம். பொத்துவிலில் ஒரு ஜெர்மன்காரன் தங்கியிருக்கிறான், வைத்தியம் படிக்கிற பையன். சொந்தமாகச் சிலிண்டர் வைத்திருக்கிறான். எங்கள் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் போய்க் கதைத்தா. கமரா இல்லாமல், காசு இல்லாமல் இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டான். வழியில் கண்ட அந்நியனுக்கு இருக்கிற இரக்கம் கூடப்பிறந்தவனுக்கு இல்லை. ஜூலை பதினாலாம் திகதி கனகரெத்தினத்தின் வள்ளத்தில் அவன் போகிறான். உன் சுகத்துக்கு துஆ செய்கிறேன்.

றாஹிலா


தந்தி
27.6.1979

வேறு எவரையும் இறக்க வேண்டாம். பதினாலு நானே வருகிறேன். மர்சூக்.


கல்முனை,
30.8.1979

அன்புத் தம்பி மர்சூக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இத்தா அறைக்குள்ளிருந்து எழுதுகிறேன். நோன்பும் பெருநாளும் இதற்குள்ளேயே போய்விட்டன. பெருநாளன்று எல்லோரும் புதுத்துணி உடுத்துக் கதவுக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னார்கள். வெள்ளைச் சேலையோடு உள்ளே இருந்தபடி பதில் சொன்னேன். மரியாதையாக இருந்தது என்று சொன்னால் நீ என்ன நினைப்பாயோ. எட்டு மாதம் எவரும் எனக்குப் பெயர் வைக்கவில்லை. இப்போது இத்தாக்காரி என்று ஒரு பெயர் இருக்கிறது.

அன்று உன்னோடு கதைக்கக் கிடைக்கவில்லை. நானும் செல்லத்தங்கமும் ஆயிஷா உம்மாவும் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். நீ போன கொஞ்ச நேரத்திலேயே வள்ளம் திரும்பிவிட்டது. உன் கையில் அந்தத் தகர டப்பா. தண்ணீர் வடிகிறது, மண் ஒட்டியிருக்கிறது. உள்ளே அவருடைய அடையாள அட்டையும், வாப்பா கலியாணத்துக்குப் போட்ட வெள்ளி மோதிரமும். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. செல்லத்தங்கம் உன்னிடம் தன் தம்பியைக் கேட்டதும், வேறொன்றும் இல்லை என்று நீ சொன்னதும் மட்டும் காதில் விழுந்தது. ஆயிஷா உம்மா மணலில் இருந்துவிட்டா.

காதியார் டப்பாவைப் பார்த்து, ஒரு கிழமையில் தீர்ப்புச் சொன்னார். மௌத்தான நாளைக் கண்டவர் இல்லாதபடியால் தீர்ப்பு நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள். மையித்து இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதார்கள். பள்ளி நிறைந்த கூட்டம் என்று மாமா சொன்னார்.

உன்னைக் கேவலமாக எழுதியதற்கு மன்னித்துக்கொள். அன்று பின்னேரமே பஸ் ஏறிவிட்டாய், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கீழே எதையோ பார்த்துவிட்டு வந்த முகம் அது என்று எனக்கு விளங்கியது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் எப்படிக் கிடந்தார்? கடைசியாகப் போன அன்று கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னார், நான் கோபித்துக்கொண்டு படலைவரைகூடப் போகவில்லை. இந்த நாலு சுவருக்குள் அதையே நினைத்து அழுகிறேன். முகம் அமைதியாக இருந்ததா? பொய் சொல்லாமல் எழுது, நான் தாங்குவேன்.

உன் ராத்தா


நிலாவெளி,
6.11.1979

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. பிந்தி எழுதுவதற்கு மன்னிக்கவும்.

உங்களுக்கும் உம்மாவுக்கும் துணியும் ஒரு போத்தல் தேனும் அனுப்புகிறேன். இத்தா முடிய இன்னும் மூன்று கிழமைதானே. மருதமுனைக் கைத்தறிக்கடை அப்துல் ஹமீட் உங்களைக் கேட்டு மாமாவிடம் ஆள் அனுப்பியதாக அறிந்தேன். பெண்சாதி மௌத்தானவர், நல்ல மனிதர். யோசிக்காமல் ஓம் சொல்லுங்கள். பழையதைக் கிளறுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

கடலுக்கடியில் கலங்கல். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

மர்சூக்


கல்முனை,
22.12.1979

மர்சூக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மா சுகம். நான் இத்தா முடித்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். அப்துல் ஹமீட் வீட்டார் வந்து பேசினார்கள். எனக்கும் சம்மதம் என்று சொன்னேன். ஒரு தரம் கடைக்குப் போயிருந்தபோது துணியை அளந்துகொண்டே, உங்கள் வீட்டில் சாலிஹீனைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்றார். அந்த ஒரு கதை எனக்குப் போதுமாக இருந்தது. சபர் மாதம் கழியட்டும் என்று, ஜனவரி இருபத்தைந்து வெள்ளிக்கிழமை நிக்காஹ் குறித்திருக்கிறோம்.

நிக்காஹ் எழுதுவதற்காகக் காதியாரிடம் தீர்ப்புக் கடதாசி வாங்கப் போனபோது டப்பாவையும் திருப்பித் தந்தார். மேசையில் வைத்திருந்தேன். நேற்று செல்லத்தங்கம் கருவாடு கொண்டுவந்தாள். டப்பாவைக் கண்டவள் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், மூடியைத் திறந்து மூடினாள். ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"எட்டு மாசம் பத்துப் பாகத்தில கிடந்த தகரம் இப்பிடி இருக்குமா டீச்சர்? ஒரு கிழமையில துரு புடிக்கும். ஒரு மாசத்தில சிப்பி ஒட்டும். எட்டு மாசத்தில தகரமே இராது. வலையில வார சாமானெல்லாம் நாங்க காணாததா?"

அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எங்கட அவர் வள்ளத்திலயே கண்டவர். உங்கட தம்பி போட்டிருந்த பைக்குள்ளயிருந்துதான் அது வந்த. நங்கூரக் கயிறுகூட முழுக்க இறங்கல்ல எண்டு சொன்னார். மையித்து வீட்டில எப்பிடி இதச் சொல்ற? நான் வாய மூடிட்டன். ஆனா என்ட தம்பியும் அதுக்குள்ளதானே டீச்சர் கிடக்கான். அவனத் தேடவே இல்லையே."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. நான் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நாங்கள் வயலும் கடையும் பார்க்கிற ஆட்கள். தண்ணீர் வடிந்ததும் கடலிலிருந்து வந்தது என்று நம்பிவிட்டோம். காதியார், மௌலவி, மாமா, பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற நான், எவருக்கும் தகரம் துருப்பிடிக்கும் என்று தோன்றவில்லை. வெள்ளி மோதிரம் கடலில் கிடந்தால் கறுக்கும் என்றும் தோன்றவில்லை.

அந்த மோதிரம் உன் கைக்கு எப்படி வந்தது? அவர் விரலிலிருந்து யார் கழற்றியது? அவர் உயிரோடு, ஹயாத்தோடு இருக்கிறாரா, இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுது. அவர் இருக்க நான் இன்னொருவரை நிக்காஹ் செய்தால் அது என்ன என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

றாஹிலா


நிலாவெளி,
8.1.1980

ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓம். இருக்கிறார்.

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். கிண்ணியாவில் நதீராவின் சாச்சி மகளின் கலியாணத்துக்குப் போனேன் அல்லவா? மாப்பிள்ளை என்று கூட்டிவந்து இருத்தியவர் மச்சான்தான். என்னைக் கண்டதும் அவருக்கும் முகம் வெளுத்துப் போயிற்று. நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். சபை நிறைய நதீராவின் ஆட்கள், பெண் உள்ளே அலங்கரித்து இருக்கிறாள். வாய் வரவில்லை. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையோடு ஒரே சஹன் சோற்றில் என்னை இருத்திவிட்டார்கள். சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் தனியாகப் பிடித்துக் கேட்டேன். திருகோணமலையில் சரக்கு ஏற்றும்போது இறங்கியவர் திரும்பிக் கப்பலில் ஏறவில்லையாம். ஏற்கெனவே இங்கே பழக்கம் இருந்திருக்கிறது. சூறாவளி வந்தது, எல்லோரும் தன்னை மௌத்து என்கிறார்கள் என்று தெரிந்ததும், அல்லாஹ்வே ஒரு வழி திறந்துவிட்டான் என்று இருந்துவிட்டாராம். இங்கே தனக்குக் கலியாணமே ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் சொன்னால் நதீராவின் வீடு இரண்டாகும், நானும் இங்கே இருக்க முடியாது. சொல்லாவிட்டால் நீங்கள் நாலு வருஷம் இருக்க வேண்டும். புருஷன் விட்டுப்போனவள் என்பதைவிடக் கைம்பெண் என்பது உங்களுக்கு மரியாதை என்று நினைத்தேன். நீங்கள் அந்த ஜெர்மன்காரனை இறக்கப் போகிறீர்கள் என்றதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மோதிரத்தையும் அட்டையையும் நான்தான் அவரிடம் கேட்டு வாங்கினேன். அவர் யோசிக்காமல் கழற்றித் தந்தார்.

வள்ளத்துக்கு அடியில் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு ஏறினேன். கப்பல்வரை போகவே இல்லை. ஆயிஷா உம்மாவின் முகம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

எதைச் சொன்னாலும் செய்கிறேன்.
மர்சூக்


தபால் அட்டை
கல்முனை,
10.2.1980

கிண்ணியாவிலிருக்கும் சாலிஹீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் சுகம் என்று அறிந்தே எழுதுவதால் சுகம் விசாரிக்கவில்லை. உறையில் போடாமல் அட்டையில் எழுதுவது, தபால்காரரும் படிக்கட்டும், உங்கள் வீட்டிலிருக்கும் அந்தப் பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

நான் உங்கள் மனைவி றாஹிலா. உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து அழுதவள். ஊர்கூடி உங்களுக்கு ஜனாஸாவும் தொழுதாயிற்று. அதை நினைத்தால் உங்களைவிட என் கண்ணீர்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மர்சூக் போன சனிக்கிழமை வந்து காதியார் முன்னிலையில் சத்தியம் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உம்மா அவனுக்குச் சோறு போட்டா, கதைக்கவில்லை. என் நிக்காஹ் நின்றுவிட்டது. உங்களோடு செய்த கலியாணத்தை முறிக்கிற பஸஹ் வழக்கு மார்ச் முதலாம் திகதி. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். அதற்குப் பிறகு இன்னும் மூன்று மாதம் இத்தா இருப்பேன். அப்துல் ஹமீட் பொறுத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஆண்கள் சொல்லி அனுப்புகிற எதையும் கொஞ்ச நாளைக்கு நான் நம்புவதாக இல்லை என்று பதில் அனுப்பினேன். சிரித்தாராம்.

பங்குனியில் கடல் அடங்கியதும் மர்சூக் மறுபடி இறங்குகிறான், இந்த முறை கப்பல்வரை. கனகரெத்தினத்தின் வள்ளம்தான். மண்ணெண்ணெய்ச் செலவு எனக்கும் ஆயிஷா உம்மாவுக்கும் செல்லத்தங்கத்துக்கும் பங்கு. அபுல் ஹஸனும் தம்பிமுத்துவும் அங்கே கிடக்கிறார்கள், அவர்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். உங்களை இனி எவரும் தேடப் போவதில்லை.

றாஹிலா